பழைய ஜீப்பும் டீசல் செலவும்

1990ஆம் ஆண்டு தொடக்கம் வடக்கிற்கு எரிபொருள் வராதிருந்த காலத்தை மறந்தவர்கள் நம்மில் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உசுப்புவோம். அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொள்வோம். புகையும் மணமும் தாங்க முடியாதவை. ஆனாலும் ஒரு துளியின் பெறுமதி என்ன என்பதை அந்தக் கார்கள் நமக்குக் கற்பித்தன. பிறகு 2022இல் நாடு முழுவதும் அந்தப் பாடத்தைப் படித்தது. நாள் கணக்கில் வரிசை, அதன்பின் கியூஆர் அட்டை, வாரப் பங்கீடு என்று வந்தது.

அந்த நெருக்கடியோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய பஜெரோ, லாண்ட் குறூசர், லாண்ட் றோவர், டெலிக்கா வான் எல்லாம் இன்னும் நமது கிறவல் வீதிகளில் ஓடுகின்றன. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வீடு ஓரிடம், வயல் ஓரிடம், பள்ளிக்கூடம் இன்னோரிடம். உர மூட்டையும் ஆட்களும் ஒன்றாய்ப் போக வேண்டும். சில குடும்பங்கள் காசு சேர்த்து இப்படி ஒரு பெரிய பழைய வாகனத்தை வாங்கி வைத்திருக்கின்றன. வாங்கும் விலை ஒரு முறைதான். டீசல் ஒவ்வொரு வாரமும் கேட்கும். விளைச்சலில் வரும் காசை வாகனமே குடித்துவிட்டால் வயலுக்குப் போய் என்ன பயன்? அந்தக் குடியைக் குறைக்கும் வழிகளையே இப்பாடத்தில் படிக்கப் போகிறோம்.

முதலில் அளவுங்கள்

"என்ர ஜீப் லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடும்" என்று சொல்லாத சாரதி இல்லை. அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. அளப்பது கடினமான காரியமல்ல. தாங்கியை வாய்வரை நிரப்புங்கள். மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எழுதுங்கள். வழமைபோல ஓடுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், இயலுமானால் அதே பம்பில், வாய்வரை நிரப்புங்கள். இரண்டாம் முறை சென்ற லீற்றர்தான் நீங்கள் செலவழித்தது. 342 கிலோமீற்றர் ஓடி 38 லீற்றர் சென்றால், 342ஐ 38ஆல் பிரிக்க 9 வரும். லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர். முதியவர்கள் இன்னும் கலனுக்கு இத்தனை மைல் என்றே பேசுவார்கள். கலனுக்கு 25 மைல் என்பதும் ஏறக்குறைய இதுவே. ஒரு முறை அளந்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று முறையாவது அளந்து சராசரி எடுங்கள்.

மீற்றரே பொய் சொல்லலாம். முந்திய சொந்தக்காரர் பெரிய ரயர் பூட்டியிருந்தால் வாகனம் ஓடிய தூரத்தைவிட மீற்றர் குறைத்துக் காட்டும். ஏ-9 வீதியில் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன. பத்துக் கல் தூரம் ஓடி மீற்றர் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஒன்பதரை காட்டினால் உங்கள் எல்லாக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்திக் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் ஒரு வாகனம் லீற்றருக்கு 5 கிலோமீற்றரில் இருந்து 6க்கு முன்னேறினால், 200 லீற்றர் 167 ஆகக் குறையும். 33 லீற்றர் மிச்சம். லீற்றருக்கு 15 ஓடும் சிறிய கார் 16க்கு முன்னேறினால் மிச்சம் 4 லீற்றர்தான். இரண்டிலும் கூடியது ஒரு கிலோமீற்றரே. ஆகவே "இது பழைய பெரிய வாகனம், இதிலை என்னத்தை மிச்சம் பிடிக்கிறது" என்று கைவிடுவது பிழை. மிச்சம் பிடிக்க அதிகம் இருப்பது பெருந்தீனிக்காரனிடம்தான்.

கழற்றி எறியப்பட்ட தேர்மோஸ்ரற்

இயந்திரத்தின் பல பாகங்களுள் இதையே விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனென்றால் நமது பகுதியில் பழைய வாகனங்களில் அதிகம் காணப்படும் பிழை இது. வாகனம் ஒரு தரம் கொதித்திருக்கும். மெக்கானிக் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, "எங்கட வெய்யிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லியிருப்பார். அதன்பின் கொதிப்பு நின்றிருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

உண்மையில் நடப்பது வேறு. இயந்திரம் குளிராக இருக்கும்போது தேர்மோஸ்ரற் மூடியிருந்து தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாது. தண்ணீர் 80 பாகையை அண்டியதும் திறக்கத் தொடங்கும். இதனால் இயந்திரம் விரைவில் சூடாகி, அந்தச் சூட்டிலேயே நிற்கும். தேர்மோஸ்ரற் இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுமையாக எரியாது. ஓயில் தடிப்பாகவே நின்று உராய்வைக் கூட்டும். எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஓயிலோடு கலக்கும். டீசலும் வீண், ஓயிலும் வீண், இயந்திரமும் தேயும். சூட்டு மீற்றரின் முள் நெடுந்தூரம் ஓடிய பின்னும் அடியிலேயே கிடந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரு முறை பழைய ஜீப் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். நொசில் மாற்றி, பம்ப் திருத்தி, கையிலிருந்த காசெல்லாம் கரைந்திருந்தது. டீசல் செலவு குறையவில்லை. சூட்டு முள் அடியில் கிடந்ததை எவரும் கவனிக்கவில்லை. தேர்மோஸ்ரற் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் விட மலிவான பாகம் அது.

தேர்மோஸ்ரற்றை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே அதைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். சட்டியில் தண்ணீர் விட்டு, தேர்மோஸ்ரற்றை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்க முன்னரே அது திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் அது பழுது. குளிர்நீரிலேயே வாய் பிளந்திருந்தால் அதுவும் பழுது. அந்தச் சட்டியைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

புதியதைப் பூட்டியதும் வாகனம் மீண்டும் கொதிக்கிறதா? குற்றவாளி தேர்மோஸ்ரற் அல்ல. றேடியேற்றர் அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர்ப் பம்ப், விசிறிப் பட்டி பழுது. அதைத் திருத்த வேண்டும்.

ரயரும் பிறேக்கும்

காற்றுக் குறைந்த ரயர் மணலில் நடப்பது போன்றது. நாலு ரயரிலும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. காற்றுக் குறைய எரிபொருள் 0.2 சதவீதம் வீணாகும் என்று அமெரிக்காவின் சக்தித் திணைக்களம் கணித்துள்ளது. சிறிதாகத் தோன்றும். ஆனால் பத்துக் குறைந்து ஓடும் வாகனங்கள் நம்மிடையே எத்தனை! சரியான அளவு சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அந்த அளவுக்கு அடிக்க வேண்டியதில்லை. காலையில் ரயர் குளிராக இருக்கும்போதே அளவுங்கள். மூட்டை ஏற்றும் நாளில் பின் ரயருக்கு எவ்வளவு என்பதும் அந்த ஒட்டியிலேயே பல வாகனங்களில் உண்டு. சேற்றுக்கென்று வரும் முரட்டுப் பல் ரயர் தார் வீதியில் டீசலைத் தின்னும். மாரியில் வயற்பாதைக்கு அது இல்லாமல் முடியாது என்றால் வைத்திருங்கள். அழகுக்காக வேண்டாம்.

பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக் இன்னொரு கள்ளன். வெள்ளத்திலும் சேற்றிலும் ஓடிய வாகனங்களில் ஹான்ட் பிறேக் கேபிள் துருவேறி, விட்டாலும் முழுதாய் விடாது. முன் டிஸ்க் பிறேக்கின் பின்களும் இறுகிவிடும். ஆறு ஏழு கிலோமீற்றர் அதிகம் பிறேக் பிடிக்காமல் ஓடிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதியிலும் சில துளி தண்ணீர் தெளியுங்கள். ஒன்றில் மட்டும் சீறிக்கொண்டு ஆவியானால் அந்தச் சில்லு பிடிக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். பிறகு அதை ஜாக்கில் உயர்த்தி, மற்றச் சில்லுகளுக்குக் கல் அடை வைத்து, கையால் சுழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

நாலு சில்லும் இழுக்கும் வசதியுள்ள ஜீப்களில் இன்னுமொன்று. சேற்றில் இருந்து ஏறித் தார் வீதிக்கு வந்ததும் இரண்டு சில்லுக்கு மாற்றுங்கள். முன் சில்லின் நடுவே கையால் திருப்பும் பூட்டு இருந்தால் அதையும் விடுவியுங்கள். பழைய ஜீப்கள் பலவற்றில் நாலு சில்லிலும் தார் வீதியில் ஓடினால் பற்சில்லுகள் ஒன்றையொன்று முறுக்கும். டீசலும் போகும், கியர்ப் பெட்டியும் போகும்.

காற்று, டீசல், புகை

நமது வீதித் தூசி எயார் பில்ரரை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். டீசல் இயந்திரத்துக்குக் காற்றுப் போதாவிட்டால் கரும்புகை வரும். அந்தக் கரும்புகை எரியாமல் வெளியே போகும் உங்கள் காசு. கடதாசி பில்ரரை உட்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்று ஊதித் தூசி அகற்றலாம். தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் அது கெட்டுவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அந்த ஓட்டையால் போகும் தூசி சிலிண்டரை அரைத்துவிடும். காபரேற்றர் உள்ள பழைய பெற்றோல் கார்களிலும் அடைத்த பில்ரரால் பெற்றோல் செலவு கூடும். கணினியால் இயங்கும் புதிய பெற்றோல் இயந்திரத்தில் செலவு மாறாது, இழுவைதான் குறையும்.

சுத்தமான பில்ரர் போட்டும் கரும்புகை நிற்கவில்லை என்றால் நொசில்களைச் சோதிக்க வேண்டும். நொசில் டீசலை மூடுபனி போலத் தூவ வேண்டும். ஒழுகினால் எரியாது. இது பம்ப் திருத்தும் இடத்தில் கருவி வைத்துச் செய்யும் வேலை. வீட்டில் கழற்றி, தூவுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்த அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்திய அடையாளம் மட்டுமே தெரியும், உள்ளே தசை அழுகும். விரலையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் நோ இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் டீசலோடு கலந்து ஓடியவர்கள் பலர். 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு அந்த இலாபம் பெரிதும் போயிற்று. இலாபம் இருந்த காலத்திலும் அது உண்மையான இலாபம் அல்ல. டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. பம்ப் தேய்ந்தபின் திருத்தச் செலவு, மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

பரலிலும் கானிலும் டீசல் வைப்போர் அடியில் தண்ணீர் சேரும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு நாள் அசையாமல் விட்டு, மேலிருந்தே எடுங்கள், துணியில் வடித்து ஊற்றுங்கள். குடியிருக்கும் அறையில் எரிபொருள் வைக்காதீர்கள்.

ஒழுக்கும் ஒரு செலவுதான். இருபது துளி ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். செக்கனுக்கு ஒரு துளி என்றால் நிமிடத்துக்கு மூன்று மில்லிலீற்றர், மணித்தியாலத்துக்கு 180, ஒரு நாளில் நாலு லீற்றருக்கும் மேல். நொசில்களில் இருந்து மிகுதி டீசலைத் திருப்பி எடுக்கும் சிறிய இறப்பர்க் குழாய்கள் வயதானதும் வெடிக்கும். அவற்றின் விலை மிகச் சொற்பம்.

ஓட்டும் விதம்

வேகம் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிட விரைவாகக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நாலு மடங்கு. பெட்டி வடிவான உயர்ந்த ஜீப்புக்கு இது கார்களைவிடப் பெரிய சுமை. ஏ-9இல் 90இல் ஓடுவதற்கும் 65இல் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே அளந்து பாருங்கள். கூரையில் வெறுமனே கிடக்கும் இரும்புத் தட்டும் காற்றை மறிக்கும். சாமான் ஏற்றாத நாளில் கழற்றி வையுங்கள். பின்னால் எப்போதோ ஏற்றி இறக்க மறந்த சங்கிலி, வெற்றுக் கான், பழைய பற்றறி ஆகியவற்றையும் இறக்குங்கள். ஆனால் உதிரிச் சில்லையும் ஜாக்கையும் இறக்கிவிட்டு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

முன்னே பார்த்து ஓட்டுங்கள். மாடு நிற்பது தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட்டால் பிறேக் தேவைப்படாது. கியரில் வைத்தபடி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் டீசல் பம்ப் எரிபொருளை நிறுத்திவிடும். இறக்கத்தில் நியூற்றலில் விட்டால்தான் சிறிதளவு டீசல் செலவாகும். மலைநாட்டு இறக்கத்தில் நியூற்றலில் விடுவதும் இயந்திரத்தை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவது. பிறேக்கின் உதவிச் சக்தி போய்விடும், ஸ்ரியறிங்கும் இறுகும்.

நிறுத்திவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்பது நமது பழக்கம். பெரிய இயந்திரம் சும்மா நின்றே மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். பற்றறி சரியில்லை, நிறுத்தினால் பிறகு தள்ள வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் முதலில் பற்றறியைத்தான் பார்க்க வேண்டும். ரேர்போ உள்ள வாகனத்தை மட்டும் கடும் ஓட்டத்துக்குப் பின் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

குழாயில் கட்டும் காந்தம், தாங்கியில் போடும் மாத்திரை, தண்ணீரில் இருந்து வாயு எடுக்கும் போத்தல் என்று சந்தைக்கு வரும் சாமான்கள் பல. இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சோதித்தது. குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் எதையும் அது காணவில்லை. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

கொப்பியும் பங்கும்

கூட்டாக வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் டீசலால்தான். "நான் அடிச்ச டீசலிலை அவை ஓடிப்போட்டினம்" என்ற பேச்சு வளர்ந்து, நல்ல அயலவர் முகம் பாராமல் போவதைக் கண்டிருக்கிறேன். ஒரு கொப்பி போதும். ஏறும்போது ஒரு இலக்கம், இறங்கும்போது ஒரு இலக்கம், யார், எதற்காக என்று எழுதுங்கள். லீற்றருக்கு எத்தனை ஓடும் என்பது தெரிந்தால் பங்கு பிரிப்பது எளிது. அளந்த இலக்கத்தோடு எவரும் சண்டை பிடிக்க முடியாது. ரயர், ஓயில், திருத்த வேலைக்கென்று கிலோமீற்றருக்குச் சிறு தொகையும் சேர்த்து அறவிடுங்கள். இல்லாவிட்டால் பழுது வரும் நாளில் வாகனம் நின்றுவிடும்.

வயலுக்குப் போய்வர 54 கிலோமீற்றர் என்று வைப்போம். லீற்றருக்கு 9 ஓடினால் 6 லீற்றர் செல்லும். மூன்று குடும்பங்கள் மூன்று நாளில் தனித்தனியே போனால் 18 லீற்றர். ஒரே நாளில் போனால் ஆளுக்கு 2 லீற்றர், 12 லீற்றர் மிச்சம். எந்தக் கராச்சும் எந்த நொசிலும் இவ்வளவு மிச்சம் தராது. உர விநியோக நாள், கிளினிக் நாள், சந்தை நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டி, எவற்றை ஒரே பயணத்தில் செய்யலாம் என்று வாரத் தொடக்கத்தில் பேசிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இயந்திரத்தில் அடிக்கடி சிறு தூரம் ஓடுவதைவிட ஒரே ஓட்டமாகப் பல வேலை முடிப்பது டீசலுக்கும் நல்லது.

தாங்கியின் காற்பங்கைத் தொடாமல் வைப்பது என்று கூட்டாக முடிவெடுங்கள். இரவில் பிரசவ நோ கண்டவளையோ பாம்பு கடித்தவரையோ ஏற்றிக்கொண்டு எரிபொருள் நிலையத்தில் நிற்க முடியாது. அந்தக் காற்பங்கு எவருடைய பங்கிலும் சேராதது.

குழுவாகச் செய்து பார்க்க

அடுத்த இரண்டு மாதத்தில் உங்கள் வாகனத்தை மூன்று முறை நிரப்பி அளந்து எழுதுங்கள். அதன்பின் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் ரயர்க் காற்று. மீண்டும் அளவுங்கள். பிறகு எயார் பில்ரர், மீண்டும் அளவுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். சூட்டு மீற்றரின் முள் எங்கே நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு பயணத்திலும் குறியுங்கள். கொப்பியை எழுதும் பொறுப்பைச் சாரதியிடம் விடாமல், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். கணக்கும் சரியாக இருக்கும், பிள்ளைக்கும் பழக்கம் வரும்.